அ - அம்மா, ஆ - ஆடு... அம்மோனியா எப்போ சார்?

"சின்னப் பசங்க சார்... பயந்துடுங்க!"

இந்த ஒரு வரியை எத்தனை பேர் வாயால கேட்டாச்சுன்னு கணக்கே இல்லை. பள்ளிக்கூடத்துல கேட்டாச்சு, குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல கேட்டாச்சு, போன மாசம் ஒரு வளைகாப்புப் பந்தியில பக்கத்து இலைக்காரர் கூட சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல இதையே சொன்னார். நான் கேட்டது ஒண்ணும் வானத்தை வில்லா வளைக்கிற வேலை இல்லைங்க. ஒண்ணாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக் கொடுங்கள் என்றேன். அதுவும் ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவா இல்லை. எங்க மணலிக்கு.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கன்டெய்னர் யார்டுல பில் போடுற ஆள். ஆனா இதே ஊர்ல ரெண்டு பிள்ளைகளை வளர்க்கிறவன். அந்தத் தகுதி போதும்னு நினைக்கிறேன்.)

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மணலின்னா பனியில ஹனிமூன் போட்டோ எடுக்கிற ஊர் இல்லை, அது மணாலி. இது வடசென்னை. 1965-ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ்னு ஆரம்பிச்சு, 1969-ல எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கின கம்பெனிதான் இன்னிக்கு சி.பி.சி.எல். அது பக்கத்துல உரத் தொழிற்சாலை, அதுக்குப் பக்கத்துல பெட்ரோகெமிக்கல் கம்பெனிகள், கிழக்கே திருவொற்றியூர், வடகிழக்கே எண்ணூர். ராத்திரி வானம் ஆரஞ்சு கலர்ல இருக்கும். கேட்டா ஃப்ளேர்னு சொல்வாங்க. ரோட்டை ஹார்பருக்குப் போற டிரைலர் லாரிக்கு எழுதிக் கொடுத்தாச்சு. 2011-ல மாநகராட்சியோட சேர்த்து எங்களை 2-வது மண்டலம் ஆக்கினாங்க. மத்தபடி வாடை அதே வாடைதான்.

இந்த ஊர்ப் பிள்ளைதான் பயந்துடுமாம்.

2020 ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்ரூட் துறைமுகத்துல அம்மோனியம் நைட்ரேட் வெடிச்சதை டிவியில பார்த்து உலகமே வாயைப் பிளந்துச்சு. அடுத்த ரெண்டு நாள்ல தெரியவந்த செய்தி: 2015-ல சுங்கத்துறை பறிமுதல் பண்ணின அதே சரக்கு, கிட்டத்தட்ட 700 டன், எங்க மணலி கன்டெய்னர் கிடங்குல பத்திரமா இருக்கு! அப்புறம் அடிச்சுப் பிடிச்சு லாரியில ஏத்தி ஹைதராபாத்துக்கு அனுப்பினாங்க. அஞ்சு வருஷம் அது பக்கத்துல குடித்தனம் நடத்தியிருக்கோம். எங்க யாருக்கும் பயமே இல்லை. ஏன்னா யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை. பயம் வராம இருக்க இது நல்ல வழிதான், ஒத்துக்கிறேன்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்த கூத்தும் அடங்கி மூணு வாரம் கூட ஆகலை. எண்ணூர்ல கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு கடலுக்கு அடியில வர்ற குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சுது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க தூக்கத்துல மூச்சு முட்டி, கண் எரிஞ்சு, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு தெருவுக்கு ஓடி வந்தாங்க. 40-க்கும் மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அதுக்கு அடுத்த வருஷம், 2024 அக்டோபர் 25, திருவொற்றியூர் கிராமத் தெருவுல ஒரு தனியார் பள்ளி. வகுப்புல உட்கார்ந்திருந்த 30-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு தொண்டை எரிச்சல், மயக்கம். எந்த வாயு, எங்கிருந்து வந்ததுன்னு அன்னிக்கு யாராலயும் சொல்ல முடியலை. பள்ளியை மூடி வெச்சு நவம்பர் 4-ம் தேதி திறந்தாங்க. திறந்த அன்னிக்கே மறுபடி சில பிள்ளைகளுக்கு அதே பிரச்சினை.

ஆகவே அன்பர்களே, எங்க பிள்ளைகளுக்கு மூக்கு இருக்கு. மூக்கு வழியா பயம் ஏற்கெனவே போயாச்சு. போகாம இருக்கிறது அந்தப் பயத்தை வெச்சுக்கிட்டு என்ன செய்யணுங்கிற விஷயம் ஒண்ணுதான்.

நடுராத்திரி கண் எரிஞ்சு எழுந்திருக்கிற ஒரு எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்? அம்மோனியா தண்ணியில நல்லா கரையும். அதனால ஈரத் துணியை மூக்கு வாயைச் சேர்த்துக் கட்டணும். கண்ணைக் கசக்கக் கூடாது, நிறைய தண்ணியால கழுவிக்கிட்டே இருக்கணும். வெளியில மாட்டிக்கிட்டா காத்து அடிக்கிற திசையிலேயே ஓடக் கூடாது. நாம ஓடுற திசையிலதான் அதுவும் வரும். காத்துக்கு குறுக்கே போகணும். அவ்வளவுதான் மேட்டர். இதுல எது எட்டு வயசுக்குப் புரியாது? பட்டம் விடுற பையனுக்கு காத்து எந்தப் பக்கம்னு நான் சொல்லணுமா, நீங்க சொல்லணுமா? வடசென்னைப் பையனுங்க!

இன்னும் ஒண்ணு. பாடப் புத்தகத்துல பொதுவா ரெண்டு வரி இருந்தா போதாதுன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். வீட்டுக்குள்ள சிலிண்டர் வாடை வந்தா ஜன்னல் கதவைத் திறக்கணும், சுவிட்சைத் தொடக் கூடாது, வெளியே போயிடணும். ஊருக்குள்ள ஃபேக்டரி வாடை வந்தா வீட்டுக்குள்ள போய் ஜன்னல் கதவைச் சாத்தணும், அடுத்து என்னன்னு அறிவிப்பு வர்ற வரைக்கும். ரெண்டும் நேர் எதிர். நெருப்புப் புகைன்னா தரையோட தரையா தவழ்ந்து போகணும், ஏன்னா புகை மேலே போகும். சமையல் கேஸ் காத்தை விட கனம், தரையில தங்கும். அங்கே தவழ்ந்தா வம்பு. ஆழ்வார்பேட்டை பிள்ளைக்கு இதுல பாதி தெரிஞ்சா போதும். மணலிப் பிள்ளைக்கு முழுசும் தெரியணும்.

எந்த ஃபேக்டரி காம்பவுண்டை எட்டிப் பார்த்தாலும் உயரமான கம்பத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு துணிக்குழாய் காத்துல ஆடிக்கிட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. விண்ட்சாக்னு பேரு. உள்ளே வேலை பார்க்கிறவன் தலையைத் தூக்கிப் பார்த்தா காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும், எதிர்ப்பக்கம் போய் உயிர் பிழைப்பான். காம்பவுண்டு சுவருக்கு உள்ளே இருக்கிறவனுக்கு அந்த ஏற்பாடு. சுவருக்கு வெளியே, அதே காத்தைச் சுவாசிக்கிற பள்ளிக்கூட மொட்டை மாடியில? தண்ணி டேங்க்தான் இருக்கு. ஒரு கம்பமும் ரெண்டு முழம் துணியும் என்னய்யா விலை?

சரி, கேஸ் தினமும் கசியாது. தினமும் நடக்கிறதுக்கு வருவோம். இங்கதான் எனக்கு உண்மையான ஆத்திரம்.

எங்க தெருவுல ஒரு அக்கா வீட்டுல சின்னப் பொண்ணு மேல கொதிக்கிற கஞ்சி ஊத்திடுச்சு. சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தா, அதுக்குள்ள நாலு பேர் நாலு வைத்தியம் முடிச்சாச்சு. ஒருத்தர் டூத்பேஸ்ட். ஒருத்தர் தோசை மாவு. அந்த வீட்டு ஆயா பேனா இங்க் தேடிக்கிட்டு இருக்காங்க (இந்தக் காலத்துல இங்க் பாட்டிலுக்கு எங்கே போறது, அதுவரைக்கும் பிழைச்சோம்). குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டுங்கன்னு சொன்னா, "தண்ணி பட்டா கொப்புளம் வரும்ப்பா"ன்னு சண்டை. ஆஸ்பத்திரியில அந்த பேஸ்ட்டைச் சுரண்டி எடுக்கும்போது அந்தக் குழந்தை அலறின அலறல் சுட்டதுக்கு அலறினதை விடப் பெருசு. பேஸ்ட் தடவினா சில்லுனு இருக்கும், உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது. ஓடுற தண்ணிதான் சூட்டை எடுக்கும். தண்ணி ஃப்ரீ (மெட்ரோ வாட்டர் லாரி வந்த அன்னிக்கு). பேஸ்ட் அறுபது ரூபா.

புரை ஏறினா உச்சந்தலையில தட்டுறோம். கூடவே "யாரோ நினைக்கிறாங்க"ன்னு ஒரு கமென்ட். வேர்க்கடலை மூச்சுக்குழாயில மாட்டினவனை யார் நினைச்சு என்ன பண்றது? இருமிக்கிட்டு இருந்தா இரும விடணும். இருமவும் முடியாம திணறினா முன்னாடி குனிய வெச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல முதுகுல பலமா தட்டணும். மூக்குல ரத்தம் வந்தா தலையை அண்ணாத்தச் சொல்றோம். ரத்தமெல்லாம் தொண்டைக்குப் போகுது. முன்னாடி குனிஞ்சு, மூக்கோட மென்மையான பாகத்தை பத்து நிமிஷம் பிடிச்சுக்கணும். வலிப்பு வந்தவன் கையில சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கும். நின்னதும் பேரு சாவிக்கு! அந்த ரெண்டு நிமிஷமும் சாவி தேடினதுல, அவன் தலைக்குப் பக்கத்துல கிடந்த கருங்கல்லை நகர்த்த ஒருத்தருக்கும் தோணலை. வாயில எதையும் வைக்காம, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, கடிகாரத்தைப் பார்க்கணும். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா ஆம்புலன்ஸ்.

"அரைகுறையா கத்துக்கிட்டு பசங்க ஏதாவது பண்ணித் தொலைக்கும் சார்"னு ஒரு கோஷ்டி சொல்லுது. அய்யா, அரைகுறை யாருன்னு மேலே ரெண்டு பத்தியைத் திரும்பப் படிங்க. நாப்பது வயசுல சாவியைத் தேடுறவன் அரைகுறையா, ஏழு வயசுல "மாமா, வாயில எதுவும் வைக்காதீங்க"ன்னு சொல்ற பொண்ணு அரைகுறையா? சின்னப் பிள்ளைக்கு முதலுதவின்னா அறுவை சிகிச்சை இல்லை. பாதி விஷயம் எதைச் செய்யக் கூடாதுங்கிறதுதான். கரன்ட் அடிச்சவனைத் தொடாதே, மெயினை ஆஃப் பண்ணு, இல்லை பெரியவங்களைக் கூப்பிட்டு ஆஃப் பண்ணச் சொல்லு. கால்வாயில விழுந்தவன் பின்னாடி குதிக்காதே. கத்து, கயிறோ குடமோ தூக்கிப் போடு. தண்ணியில ஒரு பையன் மூழ்கினான்னு செய்தி வந்தா, காப்பாத்தப் போன அண்ணனும் கூட இருப்பான் அந்தச் செய்தியில. நீங்களே எத்தனை தடவை படிச்சிருப்பீங்க. குதிக்காதேன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரலை. பாசத்தை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

நெஞ்சை அழுத்துற வேலை வேற. அதுக்கு உடம்புல பலம் வேணும். 2015-ல உலக சுகாதார நிறுவனம் ஆதரிச்ச திட்டம் கூட 12 வயசிலிருந்து வருஷத்துக்கு ரெண்டு மணி நேரம்னுதான் சொல்லுது. டென்மார்க்ல 2005-லிருந்து பள்ளிக்கூடத்துல உயிர் காக்கும் பயிற்சி கட்டாயம். இங்கிலாந்துல 2020 செப்டம்பர்லேர்ந்து அரசுப் பள்ளிகள்ல முதலுதவி பாடத்துக்குள்ள வந்தாச்சு, ஆரம்பப் பள்ளியிலேயே. 6, 7 வயசுப் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேர வகுப்பா அஞ்சு வகுப்பு எடுத்துப் பார்த்த நார்வே ஆய்வு ஒண்ணு 2009-ல வந்துச்சு. மயக்கத்துல இருக்கிறவரைக் கண்டுபிடிக்க, ஆம்புலன்ஸ் நம்பரைச் சொல்ல, ஒருக்களிச்சுப் படுக்க வைக்க, அந்தப் பிள்ளைகளால முடிஞ்சுது. நார்வேப் பிள்ளைக்கு மட்டும் என்ன ரெண்டு மூளையா?

வெள்ளைக்காரன் கதை வேண்டாம்னா, 2004 டிசம்பர் 26-ஐ நினைச்சுப் பாருங்க. திருவொற்றியூரும் எண்ணூரும் கூட அன்னிக்கு அடி வாங்கின கரைதான். தாய்லாந்து ஃபுகெட் கடற்கரையில டில்லி ஸ்மித்னு ஒரு பத்து வயசுப் பொண்ணு, ரெண்டு வாரம் முன்னாடி புவியியல் வகுப்புல படிச்சதை வெச்சு, கடல் நுரைச்சு ஒரு மாதிரியா இருக்கிறதைப் பார்த்துட்டு "சுனாமி வருது"ன்னு கத்தி அந்தக் கரையையே காலி பண்ண வெச்சா. (அட, அதுவும் வெள்ளைக்காரப் பொண்ணுதான். போகட்டும் விடுங்க.) அதே காலையில நம்ம கரையில கடல் உள்வாங்கின இடத்துல நம்ம பிள்ளைங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க? கிளிஞ்சல் பொறுக்கினாங்க.

இப்போ ஃபோன் விஷயம். 108 தெரியுமான்னு கேட்டா எல்லாப் பிள்ளையும் தெரியும்னு கத்தும். 2008-லிருந்து தமிழ்நாட்டுல ஓடுற வண்டி, விளம்பரம் பார்த்திருக்கு. ஆனா கூப்பிடத் தெரியுமா? அப்பா மயங்கிக் கிடக்கார். ஃபோன் அப்பா விரல் ரேகையில பூட்டியிருக்கு. பூட்டின திரையிலேயே 'எமர்ஜென்சி'ன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொட்டா பூட்டைத் திறக்காமலே 108-க்கு அடிக்கலாம்னு எங்க தெருவுல பத்துப் பிள்ளைகளைக் கேட்டேன், ஒரே ஒரு பொண்ணுதான் காட்டுச்சு. அதுவும் அவங்க அண்ணன் பாஸ்வேர்டை உடைக்கப் போய்க் கண்டுபிடிச்சதாம்! சரி, கூப்பிட்டாச்சு. அந்தப் பக்கம் எந்த மாவட்டம்னு கேட்பாங்க. நாங்க 2018 வரைக்கும் திருவள்ளூர் மாவட்டம், அப்புறம் சென்னை. பாதிப் பெரியவங்களுக்கே குழப்பம். "மணலி"ன்னா எந்த மணலி? மணலி வேற, மணலி புதுநகர் வேற, நடுவுல பல கிலோமீட்டர். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மணல்மேடு வேற இருக்கு. "பெரிய வேப்பமரம் இருக்கில்ல அங்கிள், அது பின்னாடி"ன்னு பிள்ளை சொல்லும். தெருப் பேர், பக்கத்துல எந்த பஸ் ஸ்டாப், எந்தக் கோயில், எந்த கம்பெனி கேட். இதை மனப்பாடம் பண்ண வைக்க எந்த நிபுணரும் வேண்டாம். பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைக்கு சொந்த விலாசம் ஒப்பிக்க வராதா?

எங்க வீடுகள்ல இது ஏன் முக்கியம்னா, பகல்ல பெரியவங்க இருக்க மாட்டாங்க. அப்பா ஷிப்டு, அம்மா கம்பெனி வேலை. நாலு மணிக்கு பள்ளிக்கூடம் விட்டா ஏழு மணி வரைக்கும் வீட்டுக்குப் பெரிய மனுஷி யாரு? மூணாவது படிக்கிற அக்கா. அவ கையில ரெண்டு வயசுத் தம்பி. அவளுக்கு பொறுப்பைக் கொடுப்பீங்க, பால் காய்ச்சச் சொல்வீங்க, கடைக்கு அனுப்புவீங்க. முதலுதவின்னு சொன்னா மட்டும் "சின்னப் பொண்ணு"!

நாய்க்கடி பத்திச் சொல்லாம விட முடியாது. நாய் கடிச்சதை பிள்ளைங்க வீட்டுல சொல்றதில்லை. ஏன்? "அங்கே ஏன் போனே?"ன்னு முதல்ல முதுகுல ஒண்ணு விழும். அதனால லேசா பல் பட்டதை பேன்ட்டால மறைச்சுக்கிட்டு சாப்பிட்டுப் படுத்துடும். ரேபிஸ் வந்துட்டா அப்புறம் பிழைக்க வைக்கிறது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதே சமயம் உடனே சோப்புப் போட்டு பதினஞ்சு நிமிஷம் குழாய்த் தண்ணியில கழுவிட்டு, அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசியை ஆரம்பிச்சு எல்லாத் தவணையும் முடிச்சா பயப்பட வேண்டியதே இல்லை. ஊசி அங்கே இலவசம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எல்லாம் வேண்டாம். ஆக, பிள்ளை வாயைத் திறக்கிறதுதான் இங்கே முதல் உதவி. அதை நாம அடிச்சே அடைச்சு வெச்சிருக்கோம். மாத்திரையை எடுத்து முழுங்கினதும் இதே கதை, பட்டன் பேட்டரியை முழுங்கினதும் இதே கதை. எதை முழுங்கினாலும் அடிக்க மாட்டேன், உடனே சொல்லுன்னு ஒரு ஒப்பந்தம் போடணும். இதை பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றதை விட பெத்தவங்களுக்குச் சொல்லித் தர்றதுதான் கஷ்டம்.

நடக்கவே இல்லைன்னு சொல்ல வரலை. நடக்குதே! வருஷத்துக்கு ஒரு நாள். ஒரு பள்ளியில (பேர் வேண்டாம்) நானே போய்ப் பார்த்தேன். பந்தல், மைக், சால்வை, குத்துவிளக்கு. சீருடை போட்டவங்க வந்து தீயை அணைச்சுக் காட்டினாங்க, கைதட்டல். நாலு பிள்ளைகளுக்கு தலையில கட்டுப் போட்டு ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு ஓடினாங்க, மறுபடி கைதட்டல். அந்த நாலு பிள்ளை நோயாளி வேஷம். மத்த நானூறு பிள்ளை பார்வையாளர் வேஷம். வெயில்ல ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சதுல ஒரு குட்டிப் பொண்ணு நிஜமாவே மயங்கிச்சு. அதைத் தூக்கிக்கிட்டுப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார வெச்சு, கண்ணு திறக்குறதுக்கு முன்னாடியே வாயில சோடா ஊத்தப் பார்த்தாங்க ஒரு டீச்சர். முதலுதவி விழாவுல! சிரிக்கிறதா அழுவுறதா தெரியலை.

ஒரு வருஷத்துக்கு ரெண்டு மணி நேரம் தமாஷ் காட்டுறதுக்குப் பதிலா, வாரத்துல ஒரு நாள் பிரேயர் முடிஞ்சு பத்து நிமிஷம். ஒரு வாரம் மூக்குல ரத்தம். அடுத்த வாரம் சுட்ட கை. அதுக்கு அடுத்த வாரம் விலாசம் ஒப்பிக்கிறது. பிள்ளையே செய்து பார்க்கணும், பார்த்துக்கிட்டு உட்காரக் கூடாது. சிலபஸ்ல இடமில்லைன்னு சொல்ற ஹெச்.எம்.களுக்கு: இது சிலபஸ் இல்லீங்க, பத்து நிமிஷம்.

இப்போ எதிர்க் கட்சியில எனக்கு மரியாதை இருக்கிற ஒரே வாதம். நம்ம நண்பர் ஒருத்தர், சுற்றுச்சூழல் விஷயத்துல தெருவுல இறங்கிப் போராடுறவர், சொன்னார்: "விஷத்தை விடுறவன் விட்டுக்கிட்டே இருப்பான், பிள்ளைங்க கையில ஈரத் துணியைக் கொடுத்துட்டு நீங்க கடமை முடிஞ்சுதுன்னு போயிடுவீங்க. கம்பெனி செலவுல பள்ளிப் பையும் தண்ணி பாட்டிலும் கொடுத்து போட்டோ எடுத்த மாதிரி இதுவும் ஒரு போட்டோ ஆயிடும்."

ரெண்டு நாள் யோசிச்சேன். அவர் பயம் நியாயம். ஆனா முடிவு தப்பு. போபால்ல 1984 டிசம்பர் 2 ராத்திரி, முகத்துல ஈரத் துணி கட்டிக்கிட்டு காத்துக்கு குறுக்கே போங்கன்னு அந்த ஊருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லி வைக்கலை. சொன்னா தொழிற்சாலைக்குள்ள என்ன இருக்குன்னும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே! அறியாமையால லாபம் யாருக்குன்னு யோசிங்க. அதுக்கு அப்புறம்தான் 1989-ல அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகள் வந்துச்சு. அதுல 15-வது விதி என்ன சொல்லுது தெரியுமா? பெரிய விபத்து நடந்தா பாதிக்கப்படக் கூடிய சுற்றுப்புற மக்களுக்கு, ஆபத்து எப்படிப்பட்டது, என்ன பாதுகாப்பு ஏற்பாடு, என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு தொழிற்சாலை நடத்துறவர் தெரிவிச்சாகணும். நேரடியாவோ மாவட்ட அதிகாரி மூலமாவோ. 1996-ல வந்த இன்னொரு விதி, உள்ளூர் அளவுல ஒரு நெருக்கடிக் குழு இருக்கணும், மக்களுக்குச் சொல்லித் தர்றது அதோட வேலைகள்ல ஒண்ணுன்னு சொல்லுது. ஆக நான் கேட்கிறது தர்மம் இல்லை. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாக்கி.

அப்புறம், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்கப் பழகின பிள்ளை அதோட நிக்காது. எங்கேயிருந்து வருதுன்னு கேட்கும். என்ன கேஸ்னு கேட்கும். போன வாரமும் வந்துச்சேன்னு கேட்கும். என் பெரியவ இப்பவே கேட்கிறா, என்னால பதில் சொல்ல முடியலை. இப்படி ஐயாயிரம் பிள்ளை கேட்க ஆரம்பிச்சா யாருக்குத் தூக்கம் போகும்? பிள்ளைகளுக்கா? "பயந்துடும்"னு சொல்றவங்க யாரோட பயத்தைப் பத்திப் பேசுறாங்கன்னு எனக்கு இப்பல்லாம் சந்தேகம் வருது.

கும்பகோணம் தீ விபத்து, 2004 ஜூலை 16. 94 பிஞ்சுகள். அதுக்கு அப்புறம் பள்ளிக்கூடங்கள்ல கூரை போச்சு, சிவப்பு வாளி வந்துச்சு. 2009-ல உச்சநீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில படிக்கிறதும் கல்வி உரிமைக்குள்ள அடக்கம்னு தீர்ப்பே சொல்லிடுச்சு. இதுல எல்லாமே கட்டடத்துக்கும் பெரியவங்களுக்கும்தான். அந்த வாளியில இருக்கிற மணல் எதுக்குன்னு எங்க பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டேன். "எச்சில் துப்புறதுக்கு அங்கிள்"னான். நிஜமா!

நம்ம கையில என்ன இருக்கு? அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. உறுப்பினர்கள்ல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்க. தீர்மானம் போடலாம். பெயின்ட் அடிக்கவும் பெஞ்சு வாங்கவும் மட்டும் தீர்மானம் போடணும்னு எங்கேயும் எழுதலை. வாரத்துக்குப் பத்து நிமிஷம், 15-வது விதிப்படி பக்கத்துக் கம்பெனிகள் கொடுக்க வேண்டிய தகவல் தமிழ்ல, மாடியில ஒரு விண்ட்சாக். எங்க பக்கத்துப் பள்ளிக்கு மூணையும் ஒரே பக்கத்துல எழுதிக் கொடுத்திருக்கேன். "பார்க்கலாம் சார்"னு வாங்கி மடிச்சு பைக்குள்ள வெச்சிருக்காங்க. தனியார் பள்ளிக்காரங்க இதைக் கூட வாங்கலை, ஃபீஸ் பாக்கி இருக்கான்னு கேட்டாங்க.

வேற ஊர்ல, திருப்பூர்ல, சிவகாசியில, தூத்துக்குடியில, கடலூர் சிப்காட் பக்கத்துல இருக்கிற பதிவர்கள் உங்க ஊர்ப் பிள்ளைக்கு முதல்ல என்ன தெரியணும்னு எழுதுங்க. எங்க பட்டியல் உங்களுக்கு ஒத்து வராது. சிவகாசிக்கு வேற, நீலகிரிக்கு வேற.

எங்க தெரு டெய்லர் பழைய குடைத் துணியில விண்ட்சாக் ஒண்ணு தெச்சுக் கொடுத்துட்டார். ஆரஞ்சு கிடைக்கலை, கறுப்புதான். கூலி வேண்டாம்னுட்டார். கம்பத்துக்குத்தான் இன்னும் அலைஞ்சுக்கிட்டு இருக்கேன்.